தத்தெடுத்த முயல் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. என்ன செய்வது?

செராஸ் மாலா
சனி, இரவு 9.10

வணக்கம். எங்கள் ஃபிளாட்டில் நாலாவது மாடியில் இருந்த குடும்பம் வேலை மாற்றலாகி ஆஸ்திரேலியா போகிறார்கள். வளர்த்த முயலைக் கூட்டிப் போக வழியில்லை என்றார்கள், நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெண் முயல், மூன்று வயது, 1.8 கிலோ. பெயர் பஞ்சு.

இன்று காலை 11 மணிக்கு வந்தது. வந்ததிலிருந்து கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. கடையில் இருப்பதிலேயே நல்ல பெல்லட் (அழுத்திச் செய்த முயல் தீனி) வாங்கி வைத்தேன், தொடவில்லை. கேரட், ஆப்பிள், எதையும் தொடவில்லை. எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன், கிட்டேகூடப் போகவில்லை. கூண்டு பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டு மாறி மாறித் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. முயல் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தோட்டத்து மணி
சனி, இரவு 9.24

தங்கச்சி, பயப்பட வேண்டாம். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் ஆடு, கோழி, முயல் எல்லாம் இருந்தன. புது இடத்துக்கு வந்த ஆடு இரண்டு மூன்று நாள் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பசி எடுத்தால் தானே வாய் வைக்கும். கொஞ்சம் ஓமத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்துப் பாருங்கள், வயிறு இளகும்.

கெப்போங் சாந்தி
சனி, இரவு 9.41

மணி அண்ணே, ஆட்டுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். முயலுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. மாலா, இரண்டு மூன்று நாள் காத்திருக்கவே கூடாது.

முயலின் குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது நகரும். சாப்பாடு நின்றால் குடல் மந்தமாகும், உள்ளே இருப்பது வறண்டு இறுகும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, அதனால் உள்ளே தங்கியது மேல்வழியாக வர வழியே இல்லை. 12 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். 24 மணி நேரம் ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த 12 மணி நேரத்தை உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து எண்ணாதீர்கள். பழைய வீட்டில் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று அவர்களிடம் கேளுங்கள். வழக்கமாக என்ன சாப்பிடும், தண்ணீர் போத்தலிலா கிண்ணத்திலா என்றும் கேளுங்கள். அப்புறம் கூண்டுக்குள் புழுக்கை எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். நன்றாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும், உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில். மிளகு அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தாலோ, எண்ணிக்கை குறைந்திருந்தாலோ குடல் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

பதில் வருவதற்குள் செய்ய வேண்டியது: முதலில் கூண்டை பால்கனியிலிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். நம் ஊர் வெக்கையும் அந்த மெஷின் அதிர்வும் சேர்ந்தால் எந்த முயலும் சாப்பிடாது. 28 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம். அதற்கு வேர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த அறை, காற்றாடி நேராக மேலே அடிக்காமல் சுழலட்டும். ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு வையுங்கள், ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் வெளியே வரும் தைரியமும் வரும். பிள்ளைகள் இன்று தூக்க வேண்டாம். முயலைத் தூக்கினால் எதோ ஒன்று தன்னைப் பிடித்துவிட்டது என்றுதான் அதற்குத் தோன்றும். காடுகளில் அதைத் தூக்குவதெல்லாம் அதைத் தின்பவைதான்.

ஓமத் தண்ணீர் வேண்டாம்.

செராஸ் மாலா
சனி, இரவு 10.15

ரொம்ப நன்றி அக்கா. கூண்டு இப்போது பிள்ளைகளின் படிப்பறையில் இருக்கிறது. பெட்டி வைத்தேன், வைத்த உடனே உள்ளே போய்விட்டது.

அவர்களிடம் பேசினேன். கடைசியாக நேற்று இரவு சாப்பிட்டதாம். இன்று காலை சாமான் கட்டும் அவசரத்தில் சாப்பிட்டதா என்று கவனிக்கவில்லையாம். இங்கே எனக்குப் பகீர் என்றது. வழக்கமாகக் கொடுத்தது கலர் கலராக மணிகளும் விதைகளும் கலந்த தீனி. மூட்டையில் மீதி இருந்ததை இப்போதுதான் கீழே கொண்டு வந்து கொடுத்தார்கள். காய்ந்த புல் அபூர்வமாகத்தான் போட்டார்களாம். தண்ணீர் போத்தலில். அந்தப் போத்தலையும் வாங்கிக்கொண்டேன்.

புழுக்கை எண்ணினால் பதினைந்துகூட இருக்காது. சின்னதாக, காய்ந்து போய் இருக்கிறது.

பட்டர்வொர்த் சேகர்
சனி, இரவு 10.28

போத்தல் கிடைத்தது நல்லதாகப் போயிற்று, உடனே மாட்டுங்கள். ஆனால் கிண்ணத்தை எடுக்காதீர்கள், இரண்டும் இருக்கட்டும். போத்தலில் பழகிய முயலுக்குக் கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்று உடனே புரியாது. நாளாக ஆகக் கிண்ணத்துக்கு மாறுவதுதான் நல்லது, தலையைக் குனிந்து குடிப்பதுதான் முயலுக்கு இயல்பு, கிண்ணத்தில் அதிகமாகவும் குடிக்கும். எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும், பிறகு கனமான பீங்கான் கிண்ணம் வாங்குங்கள். போத்தல் முனையில் இருக்கும் குண்டு சில சமயம் சிக்கிக்கொண்டு தண்ணீரே வராது, விரலால் தட்டிப் பாருங்கள்.

ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லிவரை ஒரு நாளைக்குக் குடிக்கும். 1.8 கிலோவுக்கு 90 மில்லிக்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும். பச்சை இலை நிறையத் தின்றால் குடிப்பது குறையும், அது சரிதான்.

மூன்று வயது என்றால் 2023-இல் வாங்கியதாக இருக்கும், முயல் ஆண்டு. அந்தச் சீனப் புத்தாண்டுக்கு எங்கள் தாமானிலும் பிள்ளைகள் கையில் குட்டி குட்டியாகப் பார்த்தேன். முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும் என்று விற்பவர்கள் சொல்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு என் நன்றி.

கிளினிக் தேவி
சனி, இரவு 10.52

நான் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. சாந்தி அக்கா சொன்னதோடு சில விஷயம் சேர்க்கிறேன்.

மாலா, வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் கொஞ்சம் நேரம் இருக்கலாம், ஆனாலும் 12 மணி நேரம் தாண்டியிருக்கும், காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போங்கள். இறுகி, உப்பி இருந்தால் இன்று இரவே போக வேண்டும், காலைவரை வைத்திருக்காதீர்கள். பல்லை நறநறவென்று கடிப்பது, வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு அடிக்கடி இடம் மாறி உட்காருவது, காது சில்லென்று இருப்பது, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் அவசரம்தான். முயலின் உடம்புச் சூடு 38.5 முதல் 40 டிகிரிவரை இருக்கும். 38-க்குக் கீழே இறங்குவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி.

இன்று இரவு புதுப் பெல்லட்டை எடுத்துவிடுங்கள். பழைய தீனி நல்ல தீனி இல்லை, ஆனாலும் இன்றைக்கு அதுதான் வேண்டும், அதற்குப் பழகிய வாசனை. தீனி மாற்றுவதெல்லாம் உடம்பு தேறிய பிறகு. ஆப்பிள், கேரட் இரண்டிலும் சர்க்கரை அதிகம், மந்தமான குடலில் வாயுவைத்தான் கூட்டும். கொத்தமல்லி அல்லது புதினா இருந்தால் கழுவி, உதறாமல் ஈரத்தோடு வையுங்கள். வாசனை இழுக்கும், ஈரமும் உள்ளே போகும்.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், வயிற்று மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஆளுக்கு எழுதிக் கொடுத்த அமோக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தால் அதைக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

செந்தூல் குமரன்
சனி, இரவு 11.05

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தங்கை போன வாரம் இரவுச் சந்தையில் ஒரு குட்டி வாங்கி வந்தாள், உள்ளங்கையில் அடங்கும். குள்ள ரகம், இதற்கு மேல் வளராது என்று விற்றார்களாம். பசும்பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். பேன் வராமல் இருக்கப் பூனைக்கு அடிக்கும் மருந்து ஒன்றும் கொடுத்தார்கள். அதுவும் சரியாகச் சாப்பிடவில்லை.

கிளினிக் தேவி
சனி, இரவு 11.14

குமரன், அந்த மருந்தின் டப்பாவில் ஃபிப்ரோனில் என்று போட்டிருந்தால் தொடவே கூடாது. நாய், பூனைக்கு ஒன்றும் செய்யாது, முயலைக் கொல்லும். ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் குட்டி பெரும்பாலும் தாய்ப்பால் மறக்காத குட்டி. எட்டு வாரம்வரையாவது தாயோடு இருக்க வேண்டும். பசும்பால் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். விற்றவர் என்ன பெல்லட் போட்டாரோ அதுவே தொடரட்டும், கூடவே அல்பால்பா (குதிரைமசால்) காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். ஆறு, ஏழு மாதம்வரை அல்பால்பா நல்லது, பெரிய முயலுக்குத்தான் கால்சியம் கூடிப்போகும். கீரை, காய் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கழிச்சல் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டு போங்கள், அந்த வயதில் கழிச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

செராஸ் மாலா
சனி, இரவு 11.48

பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தது. போத்தலில் குடித்தது! கொஞ்சம்தான், ஆனால் குடித்தது.

அப்புறம் கொத்தமல்லிக்குப் போனது. முகர்ந்தது, ஒரு தண்டை எடுத்தது, இரண்டு முறை மென்றது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, தண்டு கீழே விழுந்துவிட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி விழுந்தது. பழைய தீனியில் ஒரு மணியை வாயில் எடுத்தது. வாய் அசைகிறது, உள்ளே போகவில்லை, அதுவும் விழுந்துவிட்டது. பிறகு தீனிக் கிண்ணத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. போகவும் இல்லை, தின்னவும் இல்லை. தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குடித்ததால் என்று நினைத்தேன், ஆனால் முன்கால்களின் உள்பக்கமும் பிசுபிசுவென்று இருக்கிறது.

வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது.

கிளினிக் தேவி
ஞாயிறு, நள்ளிரவு 12.05

மாலா, நீங்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியது பெரிய உதவி. இது புது இடத்துப் பயம் மட்டும் இல்லை. பயந்த முயல் சாப்பாட்டுக்குக் கிட்டேயே வராது. உங்கள் முயலுக்குப் பசிக்கிறது, வாயால் முடியவில்லை. எடுத்ததைக் கீழே போடுவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, தாடை ஈரம், எச்சிலைத் துடைத்துத் துடைத்து முன்கால் பிசுபிசுப்பது எல்லாம் பல்லைத்தான் காட்டுகின்றன.

முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்கூட வளரும். நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். கலர் தீனியை நொறுக்கி விழுங்கிவிடும், தேயாது. தேயாத பல் கூர்முனை விட்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். முன்பல்லை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், பிரச்சினை உள்ளே இருக்கும், வீட்டில் பார்க்க முடியாது. நான் ஊகிக்கிறேன், டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இரவுக்கு: பழைய தீனியில் விதைகளைப் பொறுக்கிவிட்டு மணிகளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துத் தட்டையான தட்டில் வையுங்கள். நக்கும் முயல்கள் உண்டு. கொத்தமல்லியைத் தண்டில்லாமல் பொடியாக நறுக்கி அதன் மேல் தூவுங்கள்.

காலையில் கிளினிக் தேடும்போது முயல் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். முயலின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கவும் தேய்க்கவும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள்தான் அதிகம். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, செராஸிலிருந்து அதிகத் தூரமில்லை. எங்கே போனாலும் போன் செய்துவிட்டுப் போங்கள்.

தோட்டத்து மணி
ஞாயிறு, காலை 6.40

ராத்திரி நடந்தது எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். தேவி சொல்வது மனசில் பட்டது. தோட்டத்தில் எங்கள் முயல்களுக்குப் பல் நோவு வந்து பார்த்ததே இல்லை, ஏன் என்று இப்போது விளங்குகிறது. தினமும் காலையில் கட்டுக் கட்டாகப் புல் அறுத்துப் போடுவோம், நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும். கடைத் தீனி என்பதே கிடையாது. பஞ்சு எப்படி இருக்கிறது, தங்கச்சி?

செராஸ் மாலா
ஞாயிறு, பிற்பகல் 2.20

மணி அண்ணே, சாந்தி அக்கா, தேவி, சேகர், எல்லாருக்கும் நன்றி. இரவு கூழைக் கொஞ்சம் நக்கியது. காலை 9 மணிக்கெல்லாம் கிளினிக்கில் இருந்தோம்.

தேவி சொன்னதுதான். கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டில் கூர்முனை. நாக்கின் ஓரத்தில் புண் இருக்கிறதாம். சின்னக் குழாய் மாதிரி விளக்கு வைத்த கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார் டாக்டர். இது இடம் மாறியதால் வந்தது இல்லை, பல மாதமாக இருந்திருக்கும், இடம் மாறிய பதற்றத்தில் சாப்பிடுவது சுத்தமாக நின்றுபோனது என்றார். உடம்பில் நீர் குறைந்திருந்ததால் தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள், கழுத்துக்குப் பின்னால் ஒரு மேடு போல எழும்பி, வீட்டுக்கு வருவதற்குள் வடிந்துவிட்டது. வலிக்கு மெலோக்சிகாம், குடல் நகர ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் தேறியதும் வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்ப்பார்களாம்.

அதுவரை கிரிட்டிக்கல் கேர் என்ற, சாப்பிடாத முயலுக்கான தீனிப் பவுடரைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 90 மில்லி, பல வேளையாகப் பிரித்து. இங்கேதான் தடுமாறுகிறேன். தலையைத் திருப்புகிறது, உதைக்கிறது, பாதி வெளியே வழிகிறது. பெரியவள் பிடிக்க, நான் ஊட்ட, இரண்டு பேர் சட்டையிலும்தான் அதிகம்.

கெப்போங் சாந்தி
ஞாயிறு, பிற்பகல் 2.58

டாக்டரிடம் போய்ச் சேர்ந்ததே பாதி நிம்மதி. ஊட்டுவது பழகிவிடும், பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில் இடம். மடியில் வைக்காதீர்கள், தரையில் செய்யுங்கள். வழுக்காத துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் முயலை விடுங்கள். நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, முயலை இரண்டு தொடைக்கும் நடுவில், அதன் பின்புறம் உங்கள் பக்கமாக, முகம் வெளியே பார்க்கும்படி வையுங்கள். பின்னால் போக முடியாது, அமுக்கவும் தேவையில்லை. ரொம்ப உதைத்தால் துண்டால் உடம்பைச் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. அப்படி வைத்தால் அசையாமல் இருக்கும், சமாதானமாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பயத்தில் உறைந்து போவது. கூழ் மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடும்.

சிரிஞ்சை நேராக முன்னால் நீட்டாதீர்கள். முயலின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறது. உதட்டோரமாக, பக்கவாட்டில் அந்த இடத்தில் நுனியை நுழையுங்கள். அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி விடுங்கள், நிறுத்துங்கள். மெல்லுகிறதா, விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. நாக்கில் புண் இருப்பதால் எந்தப் பக்கம் புண்ணோ அதற்கு எதிர்ப்பக்கம் விடுங்கள். மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து ஊட்டினால் வலி அடங்கியிருக்கும், போராட்டமும் குறையும். கூழ் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கட்டியாக இருந்தால் சிரிஞ்சு அடைத்துக்கொண்டு திடீரென்று ஒரேயடியாகப் பீய்ச்சும், அதுதான் ஆபத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

ஊட்டி முடித்ததும் தாடையை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். முழுசாகக் குளிப்பாட்டும் எண்ணம் வந்தால் வேண்டாம், முயலைக் குளிப்பாட்டக் கூடாது. கடைசியாக ஒரு தண்டு கொத்தமல்லி கொடுத்து விட்டுவிடுங்கள், உங்கள் கையைக் கண்டால் ஓடாமல் இருக்க அது உதவும்.

கிளினிக் தேவி
ஞாயிறு, மாலை 4.10

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றுதான். ஊட்டுகிறோமே என்று புல்லை எடுத்துவிடாதீர்கள். திமோத்தி என்ற காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும், சிறு கத்தரியால் ஒரு அங்குல நீளத்துக்கு நறுக்கி வைத்தால் புண் வாயால் எடுக்கச் சுலபம். எவ்வளவு ஊட்டினீர்கள், எவ்வளவு குடித்தது, புழுக்கை எப்படி, மூன்றையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். வியாழக்கிழமை டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.

காலையில் பளபளவென்று ஒட்டிக்கொண்டு கொத்தாக மெத்தென்ற புழுக்கை கிடந்தால் கழிச்சல் என்று பயப்படாதீர்கள். அது முயல் நேரடியாகப் பின்புறத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டிய இன்னொரு வகைப் புழுக்கை, சத்து அதில்தான் இருக்கிறது. பல் வலியில் குனிந்து எடுக்க முடியாமல் விட்டுவிடும்.

தோட்டத்து மணி
ஞாயிறு, இரவு 8.30

திமோத்தி என்பது அமெரிக்காவிலிருந்து வரும் புல் என்கிறான் என் பேரன், விலையும் அதிகமாகத்தான் இருக்கிறது. இங்கே ரோட்டோரம் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கிறதே, அதை அறுத்துக் கொடுக்கக் கூடாதா?

பட்டர்வொர்த் சேகர்
ஞாயிறு, இரவு 8.52

ரோட்டோரப் புல் வேண்டாம் அண்ணே. களைக்கொல்லி அடித்திருப்பார்கள், புகை படிந்திருக்கும், தெருநாய், பூனை, எலி எல்லாம் போகும் இடம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் மருந்து அடிக்காத இடம் இருந்தால் தாராளமாக அறுக்கலாம். நான் நேப்பியர் புல்லை வேலியோரம் நட்டு வைத்திருக்கிறேன், மாட்டுப் பண்ணைகளில் போடுவார்களே, அதுதான். தண்டு தடித்து முற்றுவதற்கு முன் அறுக்க வேண்டும். ஓரம் கையைக் கிழிக்கும், முயல் நன்றாகத் தின்கிறது. அறுத்துக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அன்றன்றைக்கு அறுத்ததைத்தான் போட வேண்டும். புதிதாகத் தொடங்கினால் ஒரு பிடியில் தொடங்கிக் கூட்டுங்கள். வைக்கோல் போட வேண்டாம், கீழே படுக்கையாக விரிக்கலாம், சத்து இல்லை.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குத் திமோத்திதான் வழி. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதைவிடப் பெரிய பெட்டியாக வாங்கி இரண்டு மூன்று பேர் பங்கு போட்டால் விலை இறங்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். காகிதப் பையிலோ துணிப் பையிலோ போட்டு, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். நல்ல புல் பச்சையாக, வாசனையாக இருக்கும். புழுங்கிய வாசனை வந்தாலோ உதறும்போது வெள்ளையாகத் தூசி பறந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான், காய வைத்துக் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

செராஸ் மாலா
செவ்வாய், இரவு 9.35

தாமதத்துக்கு மன்னிக்கவும். தரையில் துண்டு விரித்து ஊட்டும் முறைக்கு மாறியதும் சட்டை நனைவது நின்றது. புழுக்கை பெரிதாகிக்கொண்டு வருகிறது. நறுக்கிய புல்லை நேற்றிலிருந்து தானாக எடுக்கிறது, மெதுவாகத்தான், ஆனால் கீழே விழுவதில்லை. போத்தலைவிடக் கிண்ணத்தில் அதிகம் குடிக்கிறது.

இரண்டு கேள்வி. வாங்கி வைத்த புதுப் பெல்லட்டுக்கு எப்போது மாறலாம்? இன்னொன்று, எனக்குக் குடல்வால் அறுவை செய்தபோது முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர்கூடத் தரவில்லை. பஞ்சுவையும் வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு கூட்டிப் போக வேண்டுமா? கிளினிக்கில் ஒன்றும் சொல்லவில்லை.

கிளினிக் தேவி
செவ்வாய், இரவு 10.02

வெறும் வயிறு வேண்டவே வேண்டாம், மாலா. ஆளையும் நாயையும் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலுக்கு வாந்தியே வராது, பட்டினி போட்டால் குடல் நின்றுபோகும் ஆபத்துதான் மிச்சம். வியாழன் காலைவரை புல்லும் தண்ணீரும் எப்போதும் போல இருக்கட்டும். ஆனாலும் நாளை காலை கிளினிக்குக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், வாயைச் சுத்தம் செய்ய அவர்கள் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் கூழ் வேண்டாம் என்று சொல்லலாம். யாராவது இரவு முழுக்கப் பட்டினி என்று சொன்னால், முயலுக்கா என்று திருப்பிக் கேளுங்கள்.

கூண்டுக்குப் பதிலாகச் சின்னக் கூடையில் கொண்டு போங்கள், அடியில் அது படுத்துப் பழகிய துண்டு. நறுக்கிய புல் ஒரு டப்பா, கொத்தமல்லி, பாதி கரைத்த கிரிட்டிக்கல் கேர், அதன் கிண்ணம், எல்லாம் கூடவே போகட்டும். மயக்கம் தெளிந்து தலை நிமிர்ந்ததும் பழகிய வாசனையில் சாப்பாடு முன்னால் இருக்க வேண்டும் என்று அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எதையாவது தின்ற பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்த பிறகும் வலி மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள், சாப்பிடுகிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

பெல்லட்டுக்கு அவசரமில்லை. பல் தேய்த்து, சிரிஞ்சு இல்லாமல் தானாகச் சாப்பிட்டு ஒரு வாரமாவது போகட்டும். அப்புறம் பழையதில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள், இரண்டு வாரத்தில் முழுசாக மாறிவிடலாம். முழு அளவே ஒரு நாளைக்கு 45 கிராமைத் தாண்ட வேண்டாம். மீதி வயிறு புல்லால் நிறையட்டும். ஒரு முறை இப்படிப் பல் வளர்ந்த முயலுக்கு மறுபடியும் வரும், சில மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்ட வேண்டியிருக்கும். அடுத்த தேதியை வியாழக்கிழமையே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.